நான்கு சாளரங்கள் வைத்த ஆங்கில அட்டை

நம் அகவையினருள் கண்புரை நீக்கிக்கொள்ளாதவர் இப்போது எத்தனை பேர் இருப்போம்? சென்ற திங்கள் என் முறை வந்தது. வலக்கண்ணை மருந்திட்டு மூடிவிட்டு, இடக்கண்ணையும் சற்று நேரம் மூடிக்கொண்டு படுத்திருக்கச் சொன்னார்கள். காண்பதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் கேட்பதற்கு எவ்வளவு இருக்கிறது என்பது தெரிகிறது. பக்கத்துக் கட்டிலருகே நின்ற இளம் செவிலி, மருத்துவரிடம் கைப்பேசியில் ஆங்கிலத்தில் பேசினாள். நான்கே வாக்கியங்கள். நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. முதலில் ஆளைக் குறிக்கும் பெயர், அதனோடு ஒரு துணைவினை, பின்பு நிகழ்ந்து முடிந்த வினை, கடைசியில் எங்கே, எப்பொழுது முதல் என்று சொல்லும் தொடர். அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல, என் செவியில் பழைய அட்டைத் துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகரும் ஓசை கேட்டது. அந்த ஓசையைக் கேட்டு அறுபது ஆண்டுகள் ஆகின்றன.

நீங்களும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஆங்கிலம் பயின்றவர்களே. கரும்பலகையில் பெட்டி பெட்டியாகக் கோடு கிழித்து வாக்கியம் கற்பித்த முறை உங்களுக்கும் நினைவிருக்கும். நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். ஆனித் திங்களில் பள்ளி திறந்த முதற் கிழமையிலேயே எங்கள் ஆங்கில ஆசிரியை நான்கு பெட்டிகள் வரைந்தார். முதற்பெட்டியில் நான், நாம், நீ, அவர்கள், அவன், அவள், அது என்னும் ஏழு பெயர்கள். இரண்டாவதில் போனது, வந்தது, இருந்தது, உண்டது, உறங்கியது, புறப்பட்டது ஆகிய ஆறு வினைகள். மூன்றாவதில் எட்டு இடங்கள். நான்காவதில் ஐந்து காலங்கள். "இதுல எத்தினி வாக்கியம் கீதுன்னு யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்" என்றார். பெருக்கிப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூற்று எண்பது.

அன்று எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை. இருபத்தாறு துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆயிரத்து அறுநூற்று எண்பது செய்திகளைச் சொல்லலாம். அவற்றுள் பெரும்பாலானவை எவருக்கும் நிகழாதவை. நிகழாத ஒன்றையும் இலக்கணம் பிழையின்றிச் சொல்லிவிடுகிறதே, அது எப்படி என்பதே அந்தப் பருவம் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்த வினா.

எங்கள் வீட்டில் தறிக்குப் பஞ்சமில்லை, அட்டைக்கும் பஞ்சமில்லை. புடைவைக் கரையில் அன்னமோ மாங்காயோ விழ வேண்டுமென்றால், அதற்குரிய துளைகளைக் குத்திய அட்டைகள் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியில் வரிசையாகச் சுழலும். பிழையாகத் துளையிட்டவற்றை அப்பா ஒரு மூலையில் எறிந்துவிடுவார். பழுப்பு நிறமும், கெட்டித்தன்மையும், இலேசான பசைமணமும் உடைய அவ்வட்டைகளை எடுத்து, துளை படாத ஓரங்களை நீளநீளமாக நறுக்கிக்கொண்டேன். அகன்ற அட்டை ஒன்றில் நான்கு சாளரங்கள் வெட்டினேன். நறுக்கிய நான்கு நாடாக்களையும் அவற்றின் பின்னே செருகினேன். ஒவ்வொன்றையும் மேலும் கீழும் இழுத்தால், சாளரங்களில் சொற்கள் வந்து நிற்கும். இடமிருந்து வலமாகப் படித்தால் ஒரு வாக்கியம். காலம் வேண்டாத வாக்கியங்களுக்கென நான்காம் நாடாவின் நுனியை வெறுமையாக விட்டிருந்தேன்.

இதில் ஓர் இடர் இருந்தது. நான், நாம், நீ, அவர்கள் என்பவற்றிற்கு 'ஹேவ்' வரும். அவன், அவள், அது என்பவற்றிற்கு 'ஹேஸ்' வரும். துணைவினைக்குத் தனி நாடா வைத்தால் தவறான இணைப்பு நேர்ந்துவிடும். ஒரு பகற்பொழுது முழுதும் எண்ணிப் பார்த்து, துணைவினையைப் பெயரோடு சேர்த்தே முதல் நாடாவில் எழுதினேன்: 'ஐ ஹேவ்', 'ஹி ஹேஸ்', 'ஷி ஹேஸ்'. அதன் பிறகு வினை மாறினாலும் இடம் மாறினாலும் வாக்கியம் குலையவில்லை. நம் மொழியில் 'போயிருக்கிறாள்' என்னும் ஒரு சொல்லின் இறுதியிலேயே ஆள் ஒளிந்திருக்கிறாள். பெயர் சொல்லாமலே பேசிவிடலாம். ஆங்கிலத்திலோ ஆள் முன்னால் வந்து நின்றாக வேண்டும். யார் என்று சொல்லாமல் வாயே திறக்க இயலாது. இஃது எனக்கு அப்போது பெரும் புதுமையாக இருந்தது.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், சித்தி என நால்வர். சித்தப்பாவையும் சேர்த்து ஐவராக இருந்தோம். பட்டுநூல் வாங்கப் பெங்களூர் சென்ற சித்தப்பா, இரண்டு ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. ஒரு வரி எழுதவுமில்லை. பம்பாயில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதையும் பிறகு அவரே மறுத்தார். சித்திக்கு அப்போது இருபத்து மூன்று அகவை இருக்கலாம், மக்கட்பேறு இல்லை. சாயம் தோய்த்து வந்த பட்டை இராட்டையில் சுற்றுவது அவர் வேலை. அரக்குச் சாயம் அவர் விரல் நுனிகளை விட்டு நீங்கியதே இல்லை. சோறு பிசையும்போதும் அந்த விரல்கள் செங்காந்தள் இதழ்களைப் போலவே இருக்கும்.

ஆடி கழிந்ததும் சித்தியைத் தென்னேரியிலிருந்த அவருடைய தமையன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். கொடுமையால் அன்று; கணவன் இல்லாத இளம்பெண் உடன்பிறந்தான் காவலில் இருப்பதே முறை என்று உண்மையாகவே நம்பினார். சித்திக்கு அங்கே செல்ல மனமில்லை என்பதை வீட்டில் எல்லாரும் அறிவோம். அங்கே மாடுகளும், ஏரிக்கரையும், அண்ணியின் சொல்லும் காத்திருந்தன. "அங்க போனா நானு மாட்டோட மாடு" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார். 

ஒரு நண்பகல். தறி ஓய்ந்திருந்தது. நான் அட்டையை வைத்து இழுத்துக்கொண்டிருந்தேன். சித்தி வந்து அருகில் அமர்ந்தார்.

"இன்னாமா அது, கிளி சோசியமா?"

"இல்ல சித்தி. இங்கிலீசு."

"இங்கிலீசு சோசியமா? அப்ப உங்க சித்தப்பா எங்க கீறாருன்னு கேளு."

விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நானும் விளையாட்டாகவே முதல் நாடாவை 'ஹி ஹேஸ்' என்று நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மற்றவற்றை இழுத்தேன். 'ஹி ஹேஸ் கான் டு பாம்பே' என்று வந்தது.

"இன்னா சொல்லுது?"

"அவரு பம்பாய்க்குப் போயிருக்காருன்னு சொல்லுது."

சித்தி சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லு. தமிழ்ல இல்ல, அதுல இருக்கிற மாதிரியே சொல்லு" என்றார். சொன்னேன். ஓசை எழாமல், உதடு மட்டும் அசைய, ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுக்களை வாயிலில் நின்ற அம்மா இதைக் கேட்டுவிட்டார்.

இத்துடன் முடிந்திருக்க வேண்டிய விளையாட்டை வளர்த்தவர் எதிர்வீட்டு அம்மையார். தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பத்தவர். பொங்கலன்று தொலைத்த ஒற்றைக் கம்மலைத் தேடித் தேடி ஓய்ந்தவர், செய்தி கேட்டு வந்தார்.

"ஏம்மா பாப்பா, எங்க கம்மலு எங்க கீதுன்னு உங்க இங்கிலீசு அட்டையைக் கேளுமா."

'இட் ஹேஸ் பீன் இன் திஸ் ஹவுஸ் சின்ஸ் பொங்கல்' என்று வந்தது. "பொங்கல்லேர்ந்து இந்த வூட்லயே இருக்குது" என்று பொருள் சொன்னேன். அம்மையாரின் பார்வை மெல்லத் திரும்பி எங்கள் அம்மாவின் காதில் போய் நின்றது.

"எங்க வூட்லயா? நல்லா இருக்குதே கத" என்றார் அம்மா.

"கேக்குறவங்க வூட்ல. கேக்குறவங்க வூட்ல" என்று நான் விரைந்து திருத்தினேன்.

மூன்றாம் நாள் அக்கம்மல் அவர்கள் வீட்டு உளுந்துப் பானையில் கிடைத்தது. அதன் பின் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

அப்பா இவற்றை நம்பக்கூடியவர் அல்லர். குறி சொல்பவர்களை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் ஆங்கிலம் என்றால் அவருக்கு ஓர் அச்சம் உண்டு. எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எழுதிய தாள் அதுவரை மூன்று முறை வந்திருந்தது. முதலாவது, தாத்தா இறந்தார் என்ற தந்தி, அவர் இறந்திருந்தார். இரண்டாவது, சாலையை அகலப்படுத்த எங்கள் மதிலின் ஓரத்தை இடிக்கப் போவதாக வந்த அறிவிப்பு. சொன்ன நாளில் இடித்தார்கள். மூன்றாவது, இன்ன நாளில் மின்சாரம் வரும் என்பது. அந்த நாளில் விளக்கு எரிந்தது. தமிழில் வந்த கடிதங்கள் எத்தனையோ பொய்த்திருக்கின்றன. ஆங்கிலத்தில் வந்தது பொய்த்ததில்லை. "இங்கிலீசுல வந்தா வந்ததுதான்" என்பது அவர் வாய்மொழி. உளுந்துப் பானையின் செய்தியும் அந்த வரிசையில் நான்காவதாகச் சேர்ந்துகொண்டது.

ஒருநாள் தறியில் இருந்தபடியே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்: "சித்தப்பாவப் பத்தி இன்னா சொல்லுதாம் அது?"

ஆடி கழியப் பத்து நாள்களே இருந்தன. என்ன சொன்னால் சித்தி இங்கேயே இருப்பார் என்று ஒரு கணம் எண்ணினேன். நாடாவைக் கண்ணை மூடாமலே இழுத்தேன். 'ஹி ஹேஸ் ஸ்டார்ட்டட் ஃபிரம் பாம்பே.'

"பம்பாய்லேர்ந்து பொறப்பட்டுட்டாராம் பா."

தறியில் ஊடுநூல் ஓட்டிய கை ஒரு நொடி நின்றது. "அப்படின்னா ஆவணி கடைசி வரைக்கும் பாக்கலாம்" என்றார் அப்பா. வாழ்நாளில் நான் அறிந்தே சொன்ன பொய்களுள் அதுவே முதன்மையானது. அதற்காக இன்றும் நாணவில்லை.

அன்று முதல் சித்தி நாள்தோறும் குறி கேட்டார். தடுப்பார் இல்லை. கணவனைக் காணாத பெண் குறி கேட்பதில் தவறென்ன? அம்மாவே அடுக்களை வேலையிலிருந்து விடுவித்து, "போ, போயி கேளு" என்று அனுப்புவார். ஆனால் சித்தி கேட்ட முறை எனக்கு விளங்கவில்லை.

"அவருக்கு 'ஹேஸ்'. சரி. நானுன்னா?"

"'ஹேவ்' சித்தி."

"நானும் அவரும் சேர்ந்தா?"

"'வி'. அதுக்கும் 'ஹேவ்'தான்."

"அவரு மட்டும் தனியா இருந்தா 'ஹேஸ்', என்கூட இருந்தா 'ஹேவ்'. எங்க இருந்தாலும் அவருக்கு ஒரு தனி மரியாத" என்று உதட்டைச் சுழித்தார். பிறகு, "'சின்ஸ்' எப்ப வரும், 'ஃபார்' எப்ப வரும்? உங்க டீச்சரக் கேட்டுக்கினு வா."

கேட்டு வந்தேன். தொடங்கிய நேரத்தைச் சொன்னால் முன்னது. எவ்வளவு நேரம் என்று அளவைச் சொன்னால் பின்னது. அடுத்த நாள் வேறொரு வினா. அதற்கடுத்த நாள் இன்னொன்று. நான்காம் முறை ஆசிரியை என்னை உற்று நோக்கினார்.

"இதெல்லாம் நீ கேக்குறியா, வேற யாராச்சும் கேக்கச் சொல்றாங்களா?"

"எங்க சித்தி, டீச்சர்."

"சித்தி எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?"

"அஞ்சாவது."

ஆசிரியை சிவப்புப் பேனாவை எடுத்தார். அன்று முதல் விடைகளைச் சிவப்பு மையில் சிறு தாளில் எழுதித் தரலானார்.

ஆவணி பிறந்த பின் சித்தியின் வேண்டுகோள் மாறியது. "இதுல இருக்கிற எடமெல்லாம் போதாதுமா. அவரு ஒடம்பு முடியாம எங்கனா படுத்திருந்தா? ஆஸ்பத்திரின்னு எழுது. வார்டுன்னு எழுது. கட்டில்ல, அத எழுது." மூன்றாம் நாடாவின் பின்புறம் வெறுமையாக இருந்தது. ஆசிரியையிடம் கேட்டு வந்து அதில் எழுதினேன். நான்காம் நாடாவில் 'காலையிலிருந்து', 'திங்கட்கிழமையிலிருந்து', 'மூன்று நாளாக' என்பவை முன்பே இருந்தன. சித்தி கேட்கக் கேட்க நான் படிப்பேன். அவள் மூன்று நாளாகக் கட்டிலில் இருக்கிறாள். அவன் காலையிலிருந்து உறங்கியிருக்கிறான். அவர்கள் உண்டிருக்கிறார்கள். சித்தி ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்லச் சொல்வார்.

அடுக்களையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மையாரிடம் கூறினார்: "பாவம், அவரு எங்கியோ ஆஸ்பத்திரில கெடக்கிறாருன்னு பயந்துக்கினு கீறா. தெனம் அதையே கேக்குறா."

"ஆமாம்மா. கட்டினவ மனசு" என்றார் அவர்.

இன்னொரு விந்தையும் அந்நாள்களில் நிகழ்ந்தது. மாலையில் அட்டையை மாடத்தில் வைக்கும்போது முதல் நாடா 'ஹி ஹேஸ்' என்னும் இடத்தில்தான் நிற்கும். ஏனெனில் வீட்டார் கேட்பதெல்லாம் சித்தப்பாவைப் பற்றியே. காலையில் எடுத்தால் அது 'ஐ ஹேவ்' என்னும் இடத்துக்கு ஏறியிருக்கும். எலியோ, காற்றோ என்று நினைத்தேன். ஒருநாள் நாடாவை நூலால் கட்டி வைத்தும் பார்த்தேன். காலையில் நூல் அவிழ்ந்து, மடித்து, அட்டையின் மேலேயே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. எலி நூலை மடித்து வைக்காது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போது வியக்கிறேன். அட்டைக்கு உண்மையாகவே ஏதோ ஆற்றல் வந்துவிட்டது என்று மெல்ல நம்பத் தொடங்கினேன். குறி சொன்னவளே குறியை நம்பிய கதை இது.

புரட்டாசி பிறந்த திங்கட்கிழமை, சித்தி தாம் ஒரு நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டிருப்பதாகவும், நாள்தோறும் காலையில் கோயிலைச் சுற்றி வரப்போவதாகவும் அம்மாவிடம் சொன்னார். அதிகாலையில் நீராடிச் செல்வார். உச்சிவேளைக்கு மேல் திரும்புவார். "எத்தினி சுத்துடி சுத்துற?" என்று அம்மா கேட்டதற்கு, "கணக்கு வெச்சா பலிக்காதாமே அக்கா" என்றார். அதற்கும் தடை இல்லை. நேர்த்திக்கு யார் தடை சொல்வார்?

வியாழன் பிற்பகல், தென்னேரியிலிருந்து சித்தியின் தமையன் வந்துவிட்டார். எனக்கு மாமன் முறை. வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்பமாட்டார்கள் என்பதால் அன்றே அழைத்துச் செல்வதாகத் திட்டம். மோரைக் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பொட்டியக் கட்டுமா. அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சா இருட்டுறதுக்குள்ள போயிடலாம்."

அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். தம்பி பம்பாயிலிருந்து புறப்பட்டும் வந்து சேராதது அவர் மனத்தை அரித்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து, "அந்த அட்டையக் கொண்டாமா. கடைசியா ஒருவாட்டி கேட்டுடலாம்" என்றார்.

"இன்னாண்ணே இது? எங்க வூட்டுப் பொண்ண எங்க வூட்டுக்கு இட்டுக்கினு போறதுக்கு அட்டைகிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"நீ சும்மா இருப்பா. எதிர்வூட்டுக் கம்மலு எங்க கெடச்சுது, தெரியுமா உனக்கு?"

மாடத்திலிருந்து அட்டையை எடுத்தேன்.  'ஹி ஹேஸ் கம்' என்று நிறுத்தினால் அவர் வந்துவிட்டதாக ஆகும். ஆனால் எங்கே என்று கேட்டால் காட்ட ஆள் இல்லை. மறுபடியும் 'புறப்பட்டிருக்கிறார்' என்றால் மாமன் நகைப்பார். சாளரங்களை நோக்கியபடி நின்றேன். சித்தி இராட்டையை விட்டு எழுந்து வந்தார். கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டார்.

"நீ இரும்மா. நானே பாக்குறேன்."

அட்டையை வாங்கினார். முதல் நாடாவை மேலே ஏற்றினார். இரண்டாவதைச் சற்று இறக்கினார். மூன்றாவதை உருவி, புரட்டி, பின்புறம் முன்னாக மறுபடி செருகினார். நான்காவதை நிறுத்தினார். கண்ணை மூடவில்லை. பின்பு, எவர் முகத்தையும் பாராமல், அட்டையைப் பார்த்துத் தெளிவாகப் படித்தார்:

"ஐ ஹேவ் பீன் இன் த ஹாஸ்பிடல் சின்ஸ் மண்டே."

 அப்பா என்னைப் பார்த்தார். "இன்னாமா சொல்லுது?"

"திங்கக்கெழமையிலேர்ந்து நான் ஆஸ்பத்திரில இருக்குறேன்னு."

"ஆஸ்பத்திரிலயா? ஐயோ, இன்னாடி ஆச்சு ஒடம்புக்கு?" என்று அம்மா சித்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லக்கா. வேல." என்றார் சித்தி. "ஊருக்கு வெளிய கீதே, மிஷன் ஆஸ்பத்திரி, அங்க. பொம்பள வார்டுல. யாரு சாப்ட்டாங்க, யாரு தூங்கினாங்க, யாரு எப்பத்திலேர்ந்து முடியாம கீறாங்கன்னு பாத்து டாக்டரம்மாகிட்ட சொல்லணும். அந்தம்மாவுக்குத் தமிழ் வராது. எனக்கு இது மட்டும் வரும். இது மட்டும் வந்தா போதும்னாங்க. தங்குறதுக்கும் எடம் தராங்க."

"அப்ப கோயிலு?" என்றார் அம்மா.

"கோயில் வழியாத்தானக்கா போவணும். ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போனேன்."

மாமன் எழுந்து நின்றார். "இன்னாண்ணே, கேட்டுக்கினு சும்மா நிக்கிறீங்க? நம்ம குடும்பத்துல இது அடுக்குமா? ஒண்ணும் சொல்லலியா நீங்க?"

அப்பா சித்தியின் கையிலிருந்து அட்டையை வாங்கினார். தந்தி வந்த நாளில் அதைப் பிடித்திருந்ததைப் போலவே இரு கையாலும் பிடித்துக்கொண்டு, படிக்கத் தெரியாத அந்த நான்கு சாளரங்களையும் நெடுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பின்பு அதைச் சித்தியிடமே நீட்டினார்.

"இங்கிலீசுல வந்துடுச்சுப்பா. இனிமே நாம சொல்றதுக்கு இன்னா கீது. நீ ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போ."

மாமன் சாப்பிடாமலே ஐந்து மணிப் பேருந்துக்குப் போனார். அட்டை அதுவரை சொன்ன எண்ணற்ற வாக்கியங்களுள் சித்தப்பாவைப் பற்றியவை ஒன்றேனும் உண்மையாயிற்றா என்பதை நாங்கள் அறியோம். அவர் திரும்பவே இல்லை. சித்தியைப் பற்றி எவரும் கேளாமல், எதையும் வேண்டாமல் வந்த அந்த ஒரு வாக்கியம் மட்டும் முற்றிலும் உண்மை. திங்களன்று தொடங்கி, வியாழனிலும் தொடர்ந்து, அதன் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த உண்மை.

ஐப்பசியில் சித்தி மருத்துவமனையிலேயே தங்கப் போனார். நான் கல்லூரி சேர்ந்த பின் ஒருநாள் அவரைக் காணச் சென்றேன். கஞ்சி மொடமொடத்த வெள்ளைச் சேலையில், கட்டில்களுக்கிடையே விரைந்து நடந்துகொண்டிருந்தார். மரத்தடியில் அமர்ந்து உணவு உண்ணும்போது, என் உள்ளத்தில் கிடந்த வினாவைக் கேட்டேன். நேராகவே ஆங்கிலம் சொல்லித்தா என்று கேட்டிருக்கலாமே, ஏன் ஒவ்வொரு நாளும் சித்தப்பாவைக் குறித்துக் கேட்டீர்கள்?

சித்தி என்னைச் சற்றுப் புதிதாகப் பார்த்தார். "படிக்கிறேன்னு சொன்னா வுடுவாங்களாமா? 'வூட்டுக்காரன் இல்லாதவளுக்குப் படிப்பு எதுக்கு'ம்பாங்க. அவரு எங்கன்னு கேக்குறேன்னேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. உங்கம்மா அழுதுக்கினே எனக்கு நேரம் ஒதுக்கிக் குடுத்தாங்க." பிறகு தாழ்ந்த குரலில், "நீ எனக்காக அவர பம்பாய்லேர்ந்து பொறப்பட வெச்சதும் தெரியும். உங்க டீச்சரோட அக்கா இங்க நர்சா இருந்தாங்க. இங்க வேலைக்கு ஆளு வேணும்னு, டீச்சரு அந்தச் செவப்பு மைக் காயிதத்துக்குப் பின்னாடி ஒரு நாளு தமிழ்ல எழுதி அனுப்பினாங்க. நீதான் கொண்டாந்து குடுத்த."

நான் கொண்டுவந்த தாளின் பின்புறத்தை நான் படிக்கவில்லை. அம்மா அழுததைப் பார்த்தேன். அதனால் சித்தியும் அழுவதாகவே நினைத்திருந்தேன். ஒரு பெண்ணின் ஏக்கத்தை அறிந்தவர்களாக எங்களை நாங்கள் எண்ணிக்கொண்டோம். அவர் ஏங்கியது உண்மையே; யாரைக் குறித்து என்பதில்தான் நாங்கள் எல்லாரும் பிழைபட்டோம்.

அந்த அட்டை இப்போது எங்கும் இல்லை. மருத்துவமனைக்குப் புறப்பட்ட நாளில் சித்தி அதைத் தம் பெட்டியில் புடைவைகளுக்கிடையே வைத்தார். வைக்குமுன் ஒருமுறை என் கையில் தந்தார். முதல் நாடாவை உருவிப் பார்த்தேன். வீடு முழுவதும் மூன்று திங்களாகக் கேட்டுக் கேட்டு நின்ற 'ஹி ஹேஸ்' என்னும் கட்டம் நான் எழுதிய அன்று இருந்த தூய்மையோடு இருந்தது. மேலே, 'ஐ ஹேவ்' என்னும் கட்டத்தில் மட்டும், விரல் பட்டுப் பட்டு, எழுத்தே தெரியாதபடி அரக்குச் சாயம் ஏறியிருந்தது.